பூச்சி: சொல் விளக்கம்

ஆறு கால்களும், ஒரு சோடி உணர்கொம்புகளும், தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பகுந்த உடலும் கொண்ட முதுகெலும்பற்ற உயிரினமே அறிவியலில் பூச்சி எனப்படுகிறது. எறும்பு, ஈ, தட்டான், வண்ணத்துப்பூச்சி, கரப்பான் ஆகியவை பூச்சிகள். எட்டுக் கால்களை உடைய சிலந்தியும் தேளும் பூச்சிகள் அல்ல.

ஆங்கிலத்தின் ‘இன்செக்ட்’ என்னும் சொல், ‘வெட்டுண்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதுவும் ‘என்தொமா’ என்னும் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பே. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், உடலில் வெட்டுப்பட்டாற்போல் வரைகள் உடைய சிற்றுயிர்களை அப்பெயரால் வகைப்படுத்தினார். குளவியின் இடுப்பை ஒருமுறை உற்று நோக்கினால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

தமிழில் ‘பூச்சி’ பரந்த பொருளுடைய சொல். சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். குடற்புழுவையும் பூச்சி என்றே சொல்கிறோம். இதனால் அது அறிவியலுக்கு ஏற்ற சொல்லன்று என்பது சிலர் கருத்து. அக்கருத்து சரியன்று. அரிஸ்டாட்டிலின் தொகுதியில் சிலந்தியும் பூரானும் இருந்தன. உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758இல் வகுத்த ‘பூச்சி’ என்னும் வகுப்பில், அதாவது உயிரினப் பிரிவில், நண்டுகூட இடம்பெற்றது. அச்சொற்களின் பொருளைப் பிற்கால ஆய்வு சுருக்கியதைப் போலவே, நம் சொல்லின் பொருளையும் வகுப்பறையில் வரையறுத்துக்கொள்ளலாம். அதற்கெனப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை.

கால்களை எண்ணிப் பெயரிடும் வழக்கமும் தமிழுக்கு உண்டு. வண்டுக்கு ‘அறுகால்’ என்பது பழம்பெயர். அதன் வழியில் அமைந்த ‘அறுகாலி’ அழகிய சொல்லே. ஆயினும் ஆறு கால்கள் இருந்தும் பூச்சி வகுப்பில் சேராத துள்வால் போன்ற சிற்றுயிர்களையும் அது தழுவுவதால், அதனைப் பெருந்தொகுதியின் பெயராகக் கொண்டு, வகுப்பின் பெயராகப் ‘பூச்சி’யையே கொள்வது தகும். நண்டு, சிலந்தி, பூரான், பூச்சி அனைத்துக்கும் பொதுப்பெயர் ‘கணுக்காலிகள்’. பூச்சிகளைப் பற்றிய துறை ‘பூச்சியியல்’.

இளம் மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் கம்பளிப்பூச்சி. அதற்குப் பல கால்கள் இருப்பதாகத் தோன்றினாலும், மார்பில் உள்ள மூன்று சோடிகளே உண்மையான கால்கள். வயிற்றில் உள்ளவை பற்றிக்கொள்ள உதவும் சதைப்பற்றான போலிக்கால்கள். அது அந்துப்பூச்சியின் இளம்பருவம் ஆதலால், பெயரில் உள்ள ‘பூச்சி’ முற்றிலும் சரியானதே.