கொரில்லா பார்க்கப் போகிறீர்களா? உங்கள் சளியையும் கணக்கில் எடுங்கள்

உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்கும் ருவாண்டாவின் எரிமலைத் தேசியப் பூங்காவுக்கும் மலைக் கொரில்லா பார்க்கக் கிளம்புகிறவர்கள் தடுப்பூசிக்காக என்னிடம் வருவதுண்டு. மலேரியா வருமா, கொரில்லா பாயுமா என்றெல்லாம் கேட்பார்கள். நம்மால் அதற்கு ஏதாவது ஆகுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஆகும். 2009-இல் ருவாண்டாவில் 12 கொரில்லாக்கள் இருந்த ஒரு கூட்டத்தில் 11-க்கு மூச்சுக்குழல் நோய் வந்தது. ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. இறந்த உடல்களில் கிடைத்தது மனித மெட்டாநியூமோவைரஸ்; நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி, இருமலாக வந்து போகிற அதே கிருமி. உலகத்தில் மலைக் கொரில்லாக்களே ஆயிரத்துச் சொச்சம்தான். அவையும் ருவாண்டா பூங்கா இருக்கும் விருங்கா மலைகளிலும், பிவிண்டியிலும் அதை ஒட்டிய காட்டிலும் மட்டுமே வாழ்கின்றன.

அதனால்தான் ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் 8 பயணிகள், ஒரு மணி நேரம் என்ற வரம்பு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. 7 மீட்டராக இருந்த இடைவெளி கோவிட்டுக்குப் பிறகு 10 மீட்டராகி, முகக்கவசமும் சேர்ந்தது.

விதி இருந்தாலும் சிக்கல் பணத்தில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். அதுவும் குறிப்பிட்ட தேதிக்கு மட்டும். அன்று காலை தொண்டை கரகரக்கிறது என்றால் யார் வாய் திறப்பார்கள்? ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். கிருமி பரவுவதைத் தடுக்காது.

ஆகவே திட்டமிடும்போதே இதற்கு இடம் விடுங்கள். உடம்பு சரியில்லாமல் போனால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் இறங்கிய மறுநாளே காட்டுக்குப் போகாமல், இரண்டு மூன்று நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் தொற்றிய சளி பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. உகாண்டாவுக்குள் நுழையச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி என்பதால், 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமையோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. தட்டம்மை ஊசியும் பாக்கி என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் விடுவது நல்லது. இரண்டு மாதம் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊர் வந்த பிறகு காய்ச்சல் அடித்தால், போய்வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.