கணக்கு, விற்பனைப் பிரிவிலிருந்து ஐடிக்கு: கோடிங் வகுப்பில் பணம் கட்டுமுன்

மாதச் சம்பளம் 3,333 வெள்ளி, வயது 40. சிங்கப்பூரின் மசே நிதியில் (மத்திய சேம நிதி) ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. சம்பளப் பட்டியல் போட்டுப் பழகாத ஒரு நிரலாளரிடம் இதை மட்டும் சொல்லி எழுதச் சொன்னால், 666.60ஐ 667 ஆக்குவார், 566.61ஐ 567 ஆக்குவார், கூட்டினால் 1,234 வரும். திரையில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு தப்பு. மொத்தமாக 37 விழுக்காட்டை முதலில் போட்டு (1,233.21) அதைக் கிட்டிய வெள்ளிக்குத் திருத்த வேண்டும்: 1,233. ஊழியர் பங்கில் வரும் காசைக் கழித்துவிட வேண்டும்: 666. மிச்சமுள்ள 567தான் முதலாளி பங்கு. நிரலாளர் போட்ட கணக்கை அப்படியே விட்டிருந்தால், அந்த ஊழியரிடமிருந்து மாதாமாதம் ஒரு வெள்ளி கூடுதலாகப் பிடித்திருப்பார்கள்.

மனிதவளப் பிரிவில் நாலு வருஷம் உட்கார்ந்தவர் இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். நல்ல நிரலாளருக்குக்கூட, யாராவது சொல்லாதவரை தெரியாது. வணிகப் பின்னணியிலிருந்து ஐடிக்கு வர நினைப்பவர் கையில் இருக்கும் சரக்கு இதுதான். அதைக் கொண்டுபோய் எறிந்துவிட்டு, ‘ஆறு மாதத்தில் ஃபுல்ஸ்டாக் டெவலப்பர்’ என்று விளம்பரம் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பின் முதல் வரிசையில் போய் உட்காருவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அந்த வரிசையில் பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் மூன்று, நான்கு வருஷம் இதையே படித்த இருபத்து நான்கு வயதுக்காரர் ஏற்கனவே நிற்கிறார். அவரோடு அவருடைய ஆட்டத்தில் மோத வேண்டிய அவசியம் என்ன?

போக வேண்டிய இடம், உங்கள் பழைய தொழிலும் மென்பொருளும் உரசிக்கொள்ளும் இடம். கணக்குப் பிரிவிலிருந்து வருபவருக்கு ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) அமைக்கும் ஃபங்ஷனல் கன்சல்டன்ட், நிதி மென்பொருள் சோதனை, டேட்டா அனலிஸ்ட். கப்பல் சரக்கு, கிடங்கு வேலை பார்த்தவருக்கு லாஜிஸ்டிக்ஸ் மென்பொருளின் பிஸினஸ் அனலிஸ்ட் வேலை. வங்கி முகப்பில் இருந்தவருக்குச் சாங்கி வர்த்தகப் பூங்காவில் இருக்கும் வங்கித் தொழில்நுட்பப் பிரிவுகள். விற்பனையில் இருந்தவருக்கு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அமைப்பு, ப்ரீசேல்ஸ் (வாங்குமுன் வாடிக்கையாளருக்கு மென்பொருளை விளக்கிக் காட்டும் வேலை). இவை ஒவ்வொன்றிலும் நிரல் எழுதுவது கொஞ்சம்தான், சிலவற்றில் சுத்தமாக இல்லை. ஆனால் நிரலாளர் சொல்வது புரிய வேண்டும், தரவை நீங்களே தோண்டி எடுக்கத் தெரிய வேண்டும்.

அதனால் முதலில் படிக்க வேண்டியது எஸ்க்யூஎல், தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தரவைக் கேட்டு எடுக்கும் மொழி. பைத்தான் பிறகு வரட்டும். எக்செல்லில் விலுக்கப் (VLOOKUP, ஒரு அட்டவணையில் பொருந்தும் மதிப்பைத் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டு வளர்ந்தவர்கள் எஸ்க்யூஎல் வந்ததும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு, அதை இங்கேயே காட்டிவிடுகிறோம்.

ஒரு இன்வாய்ஸ், 1,000 வெள்ளி. வாடிக்கையாளர் இரண்டு தவணையாகக் கட்டினார்: 400, பிறகு 600. இன்வாய்ஸ் அட்டவணையையும் பணம் வந்த அட்டவணையையும் ஜாயின் செய்தால், அதாவது இன்வாய்ஸ் எண்ணை வைத்து இணைத்தால், அந்த இன்வாய்ஸ் இரண்டு வரியாக வரும். இன்வாய்ஸ் தொகையைக் கூட்டினால் 2,000 காட்டும். மாத விற்பனை திடீரென்று ஏறிவிட்டதாக மேலாளர் சந்தோஷப்படுவார். விலுக்கப் முதலில் கிடைக்கும் பொருத்தத்தோடு நின்றுவிடும் என்பதால் எக்செல்லில் இந்த வீக்கம் தெரியாது. அங்கே 600 வெள்ளி காணாமல் போகும், அது வேறு வகைத் தப்பு. சரியான வழி, பணம் வந்த அட்டவணையை இன்வாய்ஸ் எண் வாரியாக முதலில் கூட்டி ஒரு வரியாக்கி, அதற்குப் பிறகு ஜாயின் செய்வது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். பணமே வராத இன்வாய்ஸும் பட்டியலில் வரட்டும் என்று லெஃப்ட் ஜாயின் போடுவார்கள். பிறகு ‘பணம் வந்த தேதி ஜனவரிக்குப் பிறகு’ என்று வேர் (WHERE) பகுதியில் ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். பணம் வராத இன்வாய்ஸுக்குத் தேதியே கிடையாது, அது நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். நல் எந்த ஒப்பீட்டிலும் தேறாது, ஆகவே அந்த வரிகள் எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். நிலுவைப் பட்டியலில் நிலுவையே இல்லை! நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்கு மாற்றினால் அந்த வரிகள் உதிராது. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் தாளில் வரைந்து விளக்கத் தெரிந்தால், சான்றிதழ் எத்தனை என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று, நான்கு மாதத்தில் இந்த அளவுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது சோதனை. யூஏடி என்பார்கள்: மென்பொருளை வெளியிடுமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களே தட்டிப் பார்ப்பது. பலர் இதை ‘பட்டனை அழுத்தி ஓகே போடுவது’ என்று நினைக்கிறார்கள். பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1ஆம் தேதி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனபோது என்னென்ன சோதிக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். பொருள் விலை 1,000 வெள்ளி, இன்வாய்ஸ் போட்டது டிசம்பர் 20, 2023.

பொருள் டிசம்பர் 28 போய்ச் சேர்ந்தது, பணம் ஜனவரி 10 வந்தது: 8 விழுக்காடு, 1,080. பணம் முழுதும் டிசம்பர் 29 வந்துவிட்டது, பொருள் ஜனவரி 5 போனது: அதுவும் 8 விழுக்காடு. பொருளும் பணமும் இரண்டுமே ஜனவரிக்குப் போய்விட்டன: 9 விழுக்காடு, 1,090. பழைய இன்வாய்ஸை கிரெடிட் நோட் போட்டு ரத்து செய்து புதிதாக எழுத வேண்டும். டிசம்பரில் முடிந்த விற்பனைக்கு பிப்ரவரியில் பொருள் திரும்பி வந்தது: கிரெடிட் நோட் பழைய 8 விழுக்காட்டில்தான் போக வேண்டும். மென்பொருள் கிரெடிட் நோட்டின் தேதியைப் பார்த்து 9 போட்டால் காலாண்டு வரிக் கணக்கில் உதைக்கும்.

ஒரே விதியில் நாலு வழக்கு. ஒவ்வொன்றுக்கும் எண், முன்நிபந்தனை, செய்ய வேண்டிய படிகள், எதிர்பார்க்கும் விடை, வந்த விடை என்று ஐந்து கட்டம் போட்டு எக்செல்லில் எழுதினால் அதுதான் டெஸ்ட் ஸ்கிரிப்ட். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இது பழக்கமான வேலை, பெயர்தான் புதிது. மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் சான்றிதழ்த் தேர்வில் 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. எழுதி வைப்பதில் தப்பில்லை. ஆனால் நீங்களே எழுதிய பத்து டெஸ்ட் ஸ்கிரிப்ட் அதைவிட நன்றாகப் பேசும். பழைய நிறுவனத்தின் தரவை மட்டும் அதில் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும் கோப்பை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு வந்து ‘என் புராஜெக்ட்’ என்று காட்டுபவரை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெரிந்த எவரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். தரவை நீங்களே கற்பனையாகத் தயாரியுங்கள்.

எல்லாவற்றையும்விட சுலபமான வாசல் பெரும்பாலும் இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி என்ற ஈஆர்பியின் பழைய ஈசிசி அமைப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது, அதனால் பல நிறுவனங்கள் அதன் புது அமைப்பான எஸ்4ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மின்விலைப்பட்டியலுக்கான இன்வாய்ஸ்நவ் முறை, 2025 நவம்பர் முதல் தாமாகவே பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யும் புது நிறுவனங்களுக்குக் கட்டாயமாகத் தொடங்கி, மற்றவர்களுக்கும் படிப்படியாக வருகிறது. இப்படி ஒரு மாற்றம் வரும்போது ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ‘கீ யூசர்’ என்று ஒருவரை, அதாவது பிரிவின் சார்பில் புது மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்பவரை, கேட்பார்கள். கூடுதல் வேலை என்று எல்லோரும் பின்னால் நகரும் நேரத்தில் கையைத் தூக்குங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் தன்விவரக் குறிப்பில் உண்மையான ஐடி புராஜெக்ட் ஒன்று இருக்கும், ஒரு காசு கட்டணமில்லாமல்.

இனி பணமும் திட்டங்களும். குழப்பம் அதிகம் உள்ள இடம் இது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் தொகை) குடிமக்களுக்கு மட்டும். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும், கண்ணில் பட்ட எல்லா வகுப்புக்கும் அல்ல. அதே வயதினர் தகுதியுள்ள முழுநேரப் பயிற்சிக்குப் போனால் பயிற்சிப் படி கிடைக்கும்: கடைசி 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி. மாதம் 7,000 சம்பாதித்தவருக்குப் பாதி 3,500 இல்லை, 3,000தான். வீவக வீட்டுக் கடனும் பிள்ளைகளின் டியூஷனும் இதில் அடங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். நிரந்தரவாசிகளுக்குப் பயிற்சிக் கட்டணச் சலுகை உண்டு, கிரெடிட் இல்லை.

ஊழியரணி சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் வேறு மாதிரி. அங்கே வகுப்பில் சேர்ந்த பிறகு வேலை தேடுவதில்லை. ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்து, வேலையிலேயே பயிற்சி தரும். சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும். எங்களைக் கேட்டால், சான்றிதழ் வகுப்பைவிட இதைத்தான் முதலில் துழாவச் சொல்வோம், ஏனென்றால் முடிவில் வேலை ‘கிடைக்கலாம்’ என்ற பேச்சே இல்லை, தொடக்கத்திலேயே இருக்கிறது. இதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வகுப்பறைப் படிப்பே வேண்டும் என்கிற பட்டதாரிகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் என்யூஎஸ்-ஐஎஸ்எஸ் நடத்தும் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பட்டயத்தைப் பார்க்கலாம். ஐடி படிக்காத பட்டதாரிகளை மனதில் வைத்தே அமைத்தது, நிறுவனத்தில் வேலைப்பயிற்சியும் உண்டு.

இபியில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிவிட்டு இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம். ‘முதலில் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, துறை மாறிவிடுகிறேன்’ என்பது குடிமகனுக்கு ஓர் உத்தி, உங்களுக்கு அது கதவடைப்பு. 2025 ஜனவரி முதல் புதிய இபி விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. இது இருபத்து மூன்று வயதுக்காரருக்கான கணக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 வெள்ளியைத் தொடும், நிதித்துறையில் 11,800. அதற்கு மேல் காம்பஸ் என்ற, விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் மதிப்பிடும் புள்ளி முறையில் பொதுவாக 40 புள்ளி வேண்டும். நிறுவனம் மாறினால் பழைய பாஸ் உங்களோடு வராது, புது முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்க வேலைவாய்ப்புத் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் பொதுவாக 14 நாள் அந்த வேலையை விளம்பரம் செய்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஐடி பின்னணி இல்லாத நாற்பது வயதுக்காரரைத் தொடக்கநிலை டெஸ்டர் வேலைக்கு அந்தச் சம்பளத்தில் எடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஆனால் பத்து வருஷ நிதி அனுபவத்தோடு ஃபங்ஷனல் கன்சல்டன்ட் வேலைக்குப் போனால் சம்பளம் இறங்காமல் இருக்க வழியுண்டு. உங்கள் பாஸைக் காப்பாற்றுவதும் அந்தப் பழைய அனுபவம்தான். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது என்று உடனே ராஜினாமா கொடுக்காதீர்கள். மனிதவள அமைச்சின் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கையில் வந்த பிறகு கொடுங்கள், உங்கள் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதைப் புது முதலாளியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.