இயக்கு நரம்பணு நோய்: இதற்கு ஏன் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர்?

போன வாரமும் ஒரு மருத்துவக் கட்டுரையில் ‘மோட்டார் நியூரான் டிசீஸ் எனப்படும் நரம்புத் தளர்ச்சி நோய்’ என்று படித்தேன். தசைகளை இயக்கும் நரம்பு உயிரணுக்கள் சிதையும் நோய் அது. நான் அதை ‘இயக்கு நரம்பணு நோய்’ என்பேன். இந்தத் தவறை இனியும் பொறுக்க முடியாது.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்றால் தசைநாண். வில்லின் நாணுக்கும் அதே சொல்தான். தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியும்கூட. ‘நரம்பெழுந்து உலறிய’ என்று புறநானூறு (278) கிழவியின் தோளைச் சொல்லும்போது அது புடைத்த இரத்தக்குழாய். இன்றும் ‘நரம்பு ஊசி’ என்றால் இரத்தக்குழாயில் போடும் ஊசிதான். நரம்பு மண்டலத்தின் உயிரணுவுக்கு ‘நியூரான்’ என்று 1891-இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான வால்டேயர். நரம்பு என்ற சொல் ஏற்கெனவே இத்தனை பொருள்களைச் சுமப்பதால், அந்த அணுவுக்கு ‘நரம்பணு’ என்று தனிச்சொல் வேண்டும். ஈழத்தில் ‘நரம்புக்கலம்’ என்பார்கள், அதுவும் தெளிவுதான்.

என் சண்டை ‘தளர்ச்சி’யோடு. பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் கட்டும் நூலில் முடிச்சுப் போட முடியாமல் அவர் விரல் நழுவியதுதான் அவருக்கு வந்த இந்த நோயின் முதல் அறிகுறி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இருக்கும் சதை குழி விழுந்து போனது. புஜத்தில் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் சதை தானாகத் துடிக்கும். ஊரில் ஒரு மருத்துவர் சீட்டில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதிக் கொடுத்தார். ‘தளர்ச்சிதானே அண்ணி, லேகியம் சாப்பிட்டா தெம்பு வந்துடும்’ என்று பெரியம்மாவிடம் சித்தப்பா சொன்னார். எட்டு மாதம் லேகியம் ஓடியது. அந்தப் பெயர் சுவரொட்டிகளில் எந்த நோய்களோடு ஒட்டப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா கூனிக் குறுகி, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு நரம்பியல் நிபுணர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் லேசாகத் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. தளர்ந்த நரம்புக்கு இது எப்படிப் பொருந்தும்? மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் மேல் நரம்பணு சிதைந்தால் கால் விறைக்கும், அனிச்சை அதிர்வு கூடும். தண்டுவடத்தின் முன்பகுதியிலிருந்து தசைக்குப் போகும் கீழ் நரம்பணு சிதைந்தால் தசை மெலியும், துடிக்கும், சோரும். இயக்கு நரம்பணு நோயில் ஏஎல்எஸ் (ALS) என்ற வகையில் இரண்டும் ஒரே உடம்பில் நடக்கும். 1869-இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ இதைத்தான் பிரித்துக் காட்டினார். பாதி விறைப்பாக இருக்கும் நோய்க்குத் தளர்ச்சி என்று பெயரிடுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்த குழப்பம் இன்னும் மோசம். சர்க்கரை நோயாளிக்கு உள்ளங்கால் எரிகிறது, மதமதக்கிறது, செருப்பு கழன்றது தெரிவதில்லை. அது புறநரம்பு நோய்: மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகள் பழுதாவது. அதற்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றே எழுதுகிறார்கள். இயக்கு நரம்பணு நோயில் எரிச்சலோ மரத்துப்போதலோ பொதுவாக வராது. பெரியப்பாவுக்குக் கடைசிவரை காபி டம்ளரின் சூடு தெரிந்தது, டம்ளரைத் தூக்கத்தான் முடியவில்லை. ஒன்றில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் சேதம் மட்டுப்படும். மற்றதில் மூச்சுத் தசைக்கும் விழுங்குவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே பெயர் வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எதற்குத் தயாராவது என்றே தெரியாது.

‘மோட்டார் நரம்பு’ என்று பாதி பெயர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிணற்று மோட்டாரையே அறிந்த வாசகருக்கு அது என்ன சொல்லும்? ‘இயக்க நரம்பணு’ பரவாயில்லை. ஆனால் ‘இயக்கு நரம்பணு’ இன்னும் கச்சிதம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: இயக்கிய, இயக்குகிற, இயக்கும் நரம்பணு. இதற்கு இணையாக, உணர்ச்சியைக் கொண்டு செல்வது ‘உணர் நரம்பணு’. இடம் விட்டே எழுதுங்கள். சேர்த்தால் ‘இயக்குநர்’ என்று கண் தவறாகப் படித்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. இத்தனைக்கும் இந்த நோயின் ஒரு வகைக்கு உலக மருத்துவ நூல்களில் நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. இளம் வயதில் தொடங்கி, முகத் தசையும் நாக்கும் பாதிக்கப்பட்டு, பலருக்குக் காதும் மந்தமாகி, மெதுவாக நகரும் வகை அது. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் அதைப் பற்றி 1970-இல் எழுதினார்கள். ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்’. தமிழில் நான் அதை ‘சென்னை இயக்கு நரம்பணு நோய்’ என்றுதான் எழுதுகிறேன்.