வீட்டில் சிஎன்சி ரூட்டர் போடப் போகிறீர்களா? முதலில் தரையில் கோடு போட்டுப் பாருங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி என்று இந்த வட்டாரத்தில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரப்பலகையைச் செதுக்கி வெட்டும் சிஎன்சி ரூட்டர் மெஷின்களைப் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. பூஜை அறைக் கதவு, ஜாலி கட்டிங், பெயர்ப் பலகை என்று வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள் இப்போது நிறைய பேர். மெஷின் சரியில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், பல நேரம் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். வைத்த இடம்தான் சரியிருக்காது.

குடியாத்தம் பக்கம் ஓர் இளைஞர் 4க்கு 8 அடி பெட் (பலகையை வைத்து வெட்டும் மேடை) உள்ள மெஷினை வாங்கினார். அந்த அளவு மெஷின் ஏறத்தாழ ஒரு டன் எடை. வெளி அளவு 10 அடி நீளம், ஆறரை அடி அகலம் வரும். ஜன்னல் கிரில்லைக் கழற்றி, சுவரை இடித்து எப்படியோ உள்ளே இறக்கிவிட்டோம். மறுநாள் ப்ளைவுட் வந்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்து 3 அடி. அது திரும்பும் இடத்தில் இரண்டரை அடிக் கதவு. 8 அடி பலகையை விளிம்பில் நிறுத்தித் தூக்கிப் போனாலும் அந்த மூலையில் திரும்பவே இல்லை. அவர் இன்றைக்கும் ஒவ்வொரு பலகையையும் வாசலிலேயே இரண்டாக அறுத்துத்தான் உள்ளே கொண்டு போகிறார். 8 அடி மெஷினுக்குக் கடன் கட்டிக்கொண்டு 4 அடி வேலை செய்கிறார். முன்பணம் கட்டும் முன் யாராவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

முதலில் ஒரு 8 அடி ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தரைக்கு மட்டமாகப் பிடித்து, தெரு கேட்டிலிருந்து மெஷின் வைக்கப்போகும் அறை வரை நடந்து பாருங்கள். எங்கேயும் இடிக்காமல் போனால்தான் அடுத்த பேச்சு. அப்புறம் மெஷினின் வெளி அளவைக் கேட்டு வாங்கி, சாக்பீஸால் தரையில் வரையுங்கள். பெட் அளவை வைத்து வரையாதீர்கள். மோட்டாரும் கேபிள் செயினும் பெட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பலகையைத் தலைமாட்டுப் பக்கமாக ஏற்றுவதானால் அந்தப் பக்கம் 10 அடி காலியாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏற்றினால் 6 அடி போதும். 18 மில்லி ப்ளைவுட் ஒரு ஷீட் 33 கிலோ வரும், எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் 40 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இருவர் பின்வாங்கி நடக்க இடம் வேண்டுமல்லவா? சுவரோரப் பக்கமும் 2 அடியாவது விடுங்கள். ரெயிலுக்கு எண்ணெய் போட உங்கள் கை அங்கே போயாக வேண்டும்.

எமர்ஜென்சி சுவிட்ச் அறைக்குள் நுழைந்தவுடன் கைக்கு எட்டுகிற பக்கத்தில் வர வேண்டும். ஓடுகிற கேன்ட்ரியை (வெட்டும் மோட்டாரைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பாலத்தை) சுற்றிக்கொண்டு போய் அமுக்குவது மாதிரி இருந்தால், மெஷினைத் திருப்பி வையுங்கள்.

கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே தண்ணீர் வடிய வாசல் பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள். நாலு காலும் ஒரே மட்டத்தில் உட்காராவிட்டால் மெஷினின் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். பெட்டை மெஷினாலேயே மட்டமாகச் சீவும்போது பிட் (சுழன்று வெட்டும் அலகு) போன தடமெல்லாம் கோடு கோடாக விரலுக்குத் தட்டினால், ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகுவது ஒரு வாரம்கூடத் தாங்காது; இரும்புத் தகடுதான் வைக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் மெஷினின் சௌகரியம். வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

காட்பாடியில் ஒரு வீடு. கூடத்தை ஒட்டிய அறையில் மெஷின், ஓரத்தில் தூளை உறிஞ்சும், துணிப்பை மாட்டிய டஸ்ட் கலெக்டர். போனபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: "சாமி படத்து மேலகூட மாவு மாதிரி படியுது தம்பி. தினமும் தொடைக்கிறேன், மறுபடி வந்துடுது." அவர் துடைத்தது கண்ணுக்குத் தெரிகிற தூள். அதைவிட நுண்ணியது துணிப்பையின் நெசவு வழியாகவே வெளியே வந்து, மெஷினை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். கூடத்தில் அவர் பேத்தி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. மூக்கையும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளையும் பாதிக்கிறது. எம்டிஎஃப் பலகையை ஒட்டும் பசையில் இருக்கிற ஃபார்மால்டிஹைடும் அதே வகைதான். நீங்களாவது மாஸ்க் போட்டுக்கொள்வீர்கள். தூங்குகிற குழந்தைக்கு யார் போடுவது?

அந்த வீட்டில் மெஷினைப் பின்கட்டு ஷெட்டுக்கு மாற்றினோம். கலெக்டரைச் சுவருக்கு வெளியே கூரை போட்டு வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலெக்டர் அறைக்காற்றை வெளியே இழுத்தால் அதற்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வரும். வெளிப்பக்க ஜன்னல் திறந்தும், வீட்டுப் பக்கக் கதவு மூடியும் இருக்கட்டும். எந்தப் பக்கம் ஷெட் போடுவது என்றால், ஆடிக் காற்று இங்கே மேற்கிலிருந்து அடிக்கும். வீட்டுக்கு மேற்கே ஷெட் இருந்தால் அந்த மாதங்களில் தூள் நேராக வீட்டுக்குள்தான்.

சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் இந்த மெஷின் கூடவே கூடாது. மரத்தூள் காற்றில் அடர்ந்தால் ஒரு சுடரே போதும். மழுங்கிய பிட் மரத்தைத் தேய்த்துக் கருக்கும். அதில் கிளம்பும் சிறு கங்கு பைக்குள் போய், வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் புகைந்து இரவில் பற்றும். அன்றன்றைய தூளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் கொட்டி வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிட்டைச் சுழற்றும் மோட்டார்தான் ஸ்பிண்டில்; அதன் வேகத்தை மாற்றி ஓட்டுகிற விஎஃப்டி பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் முழுத் திறனில் ஓடும்படி செய்யப்பட்டவை. அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். மதியம் 2 மணிக்கு மெஷின் தானாக நின்றுவிடுகிறது என்று மே மாதத்தில் வருகிற அழைப்புகளுக்கு இதுதான் காரணம். மேற்குச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டாதீர்கள். வாட்டர் கூலிங் ஸ்பிண்டில் என்றால் தண்ணீர் வாளி நிழலில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தலைகீழ்: சாரல் அடித்தால் ரெயில் துருப்பிடிக்கும், தரையில் நிறுத்திய எம்டிஎஃப் அடியிலிருந்து ஊதும். பலகைகளை ரீப்பர் மேல் அடுக்குங்கள்.

கரண்ட் விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். மெஷினுக்குத் தனி லைன், தனி எம்சிபி, நல்ல எர்த் வேண்டும்; ஏசி ப்ளக்கில் மெஷினையும் கலெக்டரையும் சேர்த்து மாட்டக் கூடாது. மெஷின் வந்ததிலிருந்து வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று சிலர் அதையே எடுத்துவிடுகிறார்கள். விஎஃப்டியில் கொஞ்சம் கசிவு இயல்புதான், அதற்குத் தகுந்த மாதிரி எலெக்ட்ரீஷியன் லைனைப் பிரித்துக் கொடுப்பார். உயிரைக் காக்கிற சாதனத்தைக் கழற்றாதீர்கள்.

கடைசியாகச் சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கலெக்டரும் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஓடினால் அறைக்குள் 80ஐத் தாண்டும். இரண்டு வீட்டுக்குப் பொதுச் சுவர் இருந்தால் மெஷினை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, கால்களுக்குக் கெட்டியான ரப்பர் பேட் போட்டு அப்புறம் மட்டம் பாருங்கள். மெஷின் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா, நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர் இருக்கிறாரா என்று கேட்டு, அந்த நேரத்தை விட்டு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.