பத்தாம் வகுப்பில் ‘நைட்’: முதல் அத்தியாயத்தை வேகமாகக் கடக்காதீர்கள்

அமெரிக்காவில் உங்கள் பிள்ளை ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிறாள் என்றால், நாஜி முகாமிலிருந்து உயிர்பிழைத்த எலீ வீசல் தன் அனுபவத்தை எழுதிய ‘நைட்’ என்கிற மெலிந்த புத்தகம் அவள் பைக்குள் வந்துசேர நிறைய வாய்ப்பு உண்டு. நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஹோலோகாஸ்ட், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலை பற்றிப் பள்ளிகளில் கற்பிப்பது 1994 முதல் இந்த மாநிலத்தில் சட்டப்படி கட்டாயம். எந்தப் புத்தகத்தை வைத்து என்பது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு.

பெற்றோர் கூட்டங்களில் நம்மவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இது ஹிஸ்டரி பாடம்தானே மேடம், இங்கிலீஷ் வகுப்பில் எதுக்கு?” நியாயமான கேள்விதான். 1944 மே நடுவிலிருந்து ஜூலை 9-க்குள் ஹங்கேரியின் ஆட்சிக்குள் இருந்த சுமார் 4,37,000 யூதர்கள் ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலோர் ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. வரலாற்று வகுப்பு இதைச் சொல்லிவிடும். அந்த ரயில்களில் ஒன்றில் இருந்த 15 வயதுப் பையன் அதைப் பிறகு எப்படி எழுதினான், எதை எழுதாமல் விட்டான் என்று பார்ப்பது எங்கள் வேலை. வீசல் முதலில் தன் தாய்மொழியான யிட்டிஷில் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நீளமாக எழுதினார். அது 1956-இல் புவனோஸ் ஐரஸில் அச்சானது. இரண்டு வருடம் கழித்து வந்த பிரெஞ்சுப் பதிப்பு அதைவிட மிகச் சிறியது. ஆங்கிலத்தில் 1960-இல் வந்தது. இப்போது பிள்ளைகள் கையில் பெரும்பாலும் இருப்பது அவர் மனைவி மரியன் 2006-இல் செய்த புது மொழிபெயர்ப்பு. இப்படிச் சுருக்கிச் சுருக்கி வந்ததால்தான் வாக்கியங்கள் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன. பெரிய கொடுமைகள் ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. இதைப் பேசுவதற்கு இலக்கிய வகுப்பைத் தவிர வேறு இடம் ஏது?

ஆனால் பல வகுப்பறைகளில் நடப்பது வேறு. ஆசிரியருக்கும் அவசரம், பிள்ளைகளுக்கும் அவசரம். முதல் அத்தியாயத்தை முன்கதை மாதிரி ஒரே நாளில் முடித்துவிட்டு முகாமின் வாசலுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் ‘கதை’ தொடங்குகிறது என்ற நினைப்பு. என் அனுபவத்தில் இந்தப் புத்தகத்தின் கனமான பகுதியே அந்த முதல் அத்தியாயம்தான். அதை ஓட்டிவிட்டால், பிள்ளைகள் கையில் மிஞ்சுவது திகில் மட்டும்.

அந்த அத்தியாயம் சிகெட் என்ற சின்ன ஊரில் நடக்கிறது. இன்று ருமேனியாவில் இருக்கிறது. அப்போது ஹங்கேரியின் கையில். யூதர்களின் ஜெப ஆலயத்தில் எடுபிடி வேலை செய்யும் ஏழை மோஷே. ‘வெளிநாட்டு யூதர்’ என்று பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். காலில் குண்டடிபட்டு, செத்தவர்போலக் கிடந்து, தப்பித்து ஊர் திரும்பி வீடு வீடாகச் சொல்கிறார்: எல்லோரையும் குழி வெட்டவைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று. ஊர் அவரைப் பைத்தியம் என்கிறது. இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்சம் மூடிவைக்கச் சொல்வேன். ஹங்கேரி 1941 கோடையில் இப்படி எல்லைக்கு வெளியே தள்ளிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர், அந்த ஆகஸ்ட் இறுதியில் உக்ரைனின் காமியனெட்ஸ்-பொடில்ஸ்கியில் உள்ளூர் யூதர்களோடு சேர்த்துச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மொத்தம் 23,600 பேர் என்று கொன்றவர்களின் அறிக்கையே சொல்கிறது. மோஷே சொன்னது போன்றவை நடந்தேதான் இருந்தன என்று பிள்ளைகளுக்கு அப்போது உறைக்கும்.

அப்புறம் 1944 மார்ச் 19. ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைகிறது. சில நாட்களில் சிகெட்டுக்கும் வருகிறது. யூதர் வீடுகளில் தங்கிய அதிகாரிகள் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்; ஒருவர் வீட்டுக்கார அம்மாவுக்குச் சாக்லேட் வாங்கித் தருகிறார். யூதர்களின் பாஸ்கா பண்டிகை முடியும்போது அவர்களின் தலைவர்கள் கைது. மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. நகை, பணம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். பிறகு யூதர் என்று அடையாளம் காட்ட உடையில் மஞ்சள் நட்சத்திரம். பிறகு ஹோட்டலுக்கும் ஜெப ஆலயத்துக்கும் போகத் தடை, மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே நடமாடத் தடை. பிறகு யூதர்களை மட்டும் அடைத்துவைக்கும் முள்வேலி போட்ட பகுதி, கெட்டோ. அங்கேயும் ஒருவித நிம்மதி: நம்மாட்களோடு மட்டும் இருக்கிறோம், போர் சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு ரயில், ஒரு பெட்டிக்கு எண்பது பேர். மார்ச்சிலிருந்து மே வரைதான், அவ்வளவே காலம்.

இதைப் பலகையில் வரிசையாக எழுதவிட்டு, ஒவ்வோர் ஆணைக்கும் பக்கத்தில் “அன்று காலை அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது?” என்று கேட்பேன். “ஏன் ஓடவில்லை, ஏன் எதிர்க்கவில்லை?” என்று ஆரம்பத்தில் கொஞ்சம் ஏளனமாகவே கேட்ட பையன்கள் இங்கே மெதுவாகிறார்கள். பாலஸ்தீனத்துக்குப் போக அனுமதி வாங்க முடிந்த காலத்திலேயே எலீயின் அப்பா, இந்த வயதில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க முடியாது என்று மறுத்துவிட்டார். பழைய வேலைக்காரப் பெண் வந்து தன் கிராமத்தில் ஒளித்துவைப்பதாகக் கூப்பிட்டதும் உண்டு. குடும்பம் பிரிய விரும்பவில்லை. வயதான பெற்றோரும் சிறு குழந்தையும் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில்தான் யூதக் கைதிகளான ருடால்ஃப் வெர்பாவும் ஆல்ஃபிரட் வெட்ஸ்லரும் ஆஷ்விட்ஸிலிருந்து தப்பி, அங்கே நடப்பதை விரிவாக எழுதிக்கொடுத்தார்கள். சிகெட்டின் சாதாரண வீடுகளுக்கு அது வந்துசேரவில்லை. எதிர்ப்பே இல்லை என்பதும் தவறு. போலந்தின் வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரலில் ஆயுதமேந்தினார்கள். ஆஷ்விட்ஸுக்குள்ளேயே 1944 அக்டோபர் 7-இல் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள்.

இதற்கு நேர்மாறானது, வகுப்பை முகாமாக்கும் விளையாட்டு. தரையில் டேப் ஒட்டிக் கட்டம் போட்டு, “இதுதான் ரயில் பெட்டி, எல்லோரும் உள்ளே நில்லுங்கள்” என்பது. சிலருக்கு மட்டும் நட்சத்திரம் குத்திவிடுவது. ‘நீ எலீயாக இருந்தால் டைரி எழுது’ என்பது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் நினைவில் நிற்பது நண்பனோடு இடித்துக்கொண்டு சிரித்த பத்து நிமிடம். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலிலும் இத்தகைய நடிப்புப் பயிற்சிகளைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்தால் ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தவறே இல்லை. பிணக் குவியல்களைப் பெரிய திரையில் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. படித்துச் சேர்த்துவைத்ததையெல்லாம் அந்தப் படம் அழித்துவிடுகிறது.

முகாமுக்குள் போன பிறகு நான் பிடித்துக்கொள்ளும் ஒரே நூல் அப்பாவும் மகனும். வாசலில் முன்பின் தெரியாத ஒரு கைதி பையனிடம் 18 வயது என்று சொல்லச் சொல்கிறார், அப்பாவை 40 என்று சொல்லச் சொல்கிறார். அம்மாவும் தங்கையும் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். அதிலிருந்து 1945 ஜனவரி இறுதியில் புக்கன்வால்ட் முகாமில் அப்பா இறக்கும்வரை, அப்பாவைக் குறித்த வாக்கியங்களை மட்டும் பிள்ளைகள் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டே வருவார்கள். அன்பு, எரிச்சல், பயம், பாரம் என்ற நினைப்பு, அந்த நினைப்பின் வெட்கம் எல்லாம் வரும். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வீசல் ஒரு வரியில்கூட முயலவில்லை. கடைசியாக அப்பா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது தான் பதில் சொல்லவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பதினைந்து வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஹோலோகாஸ்ட் பொய் என்று சொல்லும் வீடியோக்கள் பிள்ளைகளின் போனுக்கு வரத்தான் செய்கின்றன. நினைவுநூலில் தேதியோ வயதோ பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறியிருப்பதைப் பிடித்துக்கொண்டு “பார்த்தாயா” என்பார்கள். நினைவு அப்படித்தான் இயங்கும் என்பதையும், நூல் தனித்து நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் புடாபெஸ்டிலிருந்த ஜெர்மன் பிரதிநிதி எட்மண்ட் வேசன்மையரே தந்தியடித்திருக்கிறார். சிகெட்டைப் போலவே அப்போது ஹங்கேரியின் கையிலிருந்த பில்கே என்ற ஊரைச் சேர்ந்த லிலி யாக்கோப் என்ற பெண், விடுதலையின்போது ஜெர்மனியின் டோரா முகாமில் ஓர் ஆல்பத்தைக் கண்டெடுத்தார். ஆஷ்விட்ஸில் 1944-இல் ரயில் இறங்கியவர்களை முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படையினரே எடுத்த படங்கள். அதில் அவருடைய சொந்த மக்களே இருந்தார்கள். 1980-இல் அதை ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷேமுக்குக் கொடுத்தார். அந்தப் படங்களில் கொலை இல்லை. கோட்டு போட்ட தாத்தாக்கள், குழந்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்கள். வகுப்பில் காட்ட நான் தேர்ந்தெடுப்பது இவற்றைத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? முடிந்தால் நீங்களும் படியுங்கள், நூறு பக்கச் சொச்சம்தான். சுருக்கத்தை இணையத்தில் படித்துவிட்டுப் பரீட்சை எழுதினால் போதும் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கிரேடு வந்துவிடும், புத்தகம் வராது. ஓரிரு நாள் சாப்பிடும்போது பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். தூக்கம் கெட்டால் பள்ளி கவுன்சிலரிடம் சொல்லுங்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டியோ அப்பாவோ கடந்துவந்தது இந்த வாரங்களில் பிள்ளையின் மனதில் எழலாம். அதை வகுப்பில் சொல்வதும் சொல்லாததும் பிள்ளையின் விருப்பம். எந்த ஆசிரியரும் “உன் குடும்பக் கதை என்ன?” என்று எல்லோர் முன்னும் கேட்கக்கூடாது. எந்தத் துன்பம் பெரியது என்று தராசு பிடிக்கும் பேச்சு வகுப்பில் எழுந்தால் நான் நிறுத்திவிடுவேன், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும்.

பாடம் தொடங்கும்முன் ஆசிரியரைச் சந்திக்க முடிந்தால், சிகெட் பகுதிக்கு எத்தனை வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்று என்றால், இன்னும் இரண்டு கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்களில் பலர் கேட்டால் கொடுப்போம்.