டிட்சு: தமிழில் எப்படிச் சொல்வது?

டிட்சு, பெயர்ச்சொல். சீனர்கள் பக்கவாட்டில் பிடித்து ஊதும் மூங்கில் குழல்.

‘டி’ என்றாலே குழல்தான். ‘ட்சு’ தனிப்பொருள் தராத பெயர் விகுதி; மேசை, நாற்காலிக்கான சீனச் சொற்களிலும் இது வரும். ‘டி’யின் எழுத்துருவில் மேலே இருப்பது மூங்கிலைக் குறிக்கும் பகுதி. நம் சொல்லிலும் மூங்கில் இருக்கிறது. மூங்கில்போல் வெளிப்புறம் வயிரம் பாய்ந்து கெட்டியானவற்றைத் தொல்காப்பியம் புல் என்கிறது. அந்தப் புல்லால் ஆனதே புல்லாங்குழல்.

இத்தனை பொருத்தம் இருந்தும், டிட்சுவை வெறுமனே புல்லாங்குழல் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் உயிரே விட்டுப்போகிறது. ஊதுதுளைக்கும் ஆறு விரல்துளைகளுக்கும் நடுவில் இன்னொரு துளை உண்டு. நாணல் தண்டின் உட்புறத்திலிருந்து உரித்த மெல்லிய சவ்வை அதன்மேல் ஒட்டுகிறார்கள். பசை, கழுதைத்தோல் பசையோ பூண்டுச் சாறோ. சவ்வில் குறுக்காக நுண்சுருக்கங்கள் விழும்படி இழுத்து ஒட்ட வேண்டும். இறுகினால் ஒலி மங்கும், தளர்ந்தால் கரகரக்கும். காற்றின் ஈரம் மாறினாலும் ஒலி மாறிவிடும். ஆகவே வாசிப்பவருக்கு ஊதுவது பாதி வேலை, சவ்வைப் பேணுவது மீதி. டிட்சுவுக்கே உரிய அந்த அதிர்வும் பளபளப்பும் இதிலிருந்துதான் வருகின்றன.

சீனாவின் தெற்கே குன்ச்சு என்னும் இசை நாடகத்தில் பாட்டுக்குத் துணைபோகும் கருவிகளில் இதுவே தலைமை. அங்கே வாசிப்பவர் ‘டிஷ்’, அதாவது குழலாசான். பாடல்களை மனப்பாடமாக அறிந்து பாடகர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார். வடக்கே குழல் குட்டை, சுருதி உச்சம். வடசீன மாகாணமான ஹெபெயில் 1904இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஃபெங் ட்சுசுன், பொய்க்கால் ஆட்டத்துக்கும் நாட்டுப்புற நாடகத்துக்கும் ஊதி வளர்ந்தவர். 1953இல் பெய்ஜிங்கில் நடந்த நாட்டார் கலைவிழாவில் தனியாக வாசித்துப் பெயர் பெற்றார். பிறகு இசைக் கல்லூரி ஆசிரியரானார். பின்னணியில் இருந்த கருவி மேடையின் நடுவுக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

தமிழில் ‘சவ்வுக்குழல்’ என்பதே என் பரிந்துரை. வாசிப்பவர் ‘சவ்வுக்குழல் கலைஞர்’. முதல் முறை வரும்போது ‘டிட்சு எனப்படும் சீனச் சவ்வுக்குழல்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இராது. செங்குத்தாகப் பிடித்து ஊதும் ‘ஷியாவ்’ வேறு கருவி. அதில் சவ்வு கிடையாது. அதற்கு ‘நெடுங்குழல்’ போதும்.