கன்சோல் 30 ஆயிரம், டாக் 900 ரூபாய்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓலெடைத் (கையிலும் டிவியிலும் ஆடுகிற வீடியோ கேம் கருவி) துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான்ணா இருந்துச்சு" என்றார். என் கேம் கன்சோல் சர்வீஸ் கடைக்கு வரும் எல்லாச் சாமானும் நேற்று ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். அதனால் அந்த வரியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. பையில் வேறு என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இருந்தது. ஸ்விட்சை டிவியோடு இணைக்கிற டாக், பேர் தெரியாத கம்பெனி, 900 ரூபாய். கூடவே பழைய செல்போன் சார்ஜர்.

சார்ஜருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் யுஎஸ்பி மீட்டரைப் போட்டேன். ஒரிஜினல் சார்ஜரை மாட்டினால் நல்ல ஸ்விட்ச் முதலில் 5 வோல்ட் வாங்கி, கொஞ்ச நேரத்தில் 15 வோல்ட்டுக்கு ஏறும். இது 5-லேயே நின்றது. போர்டைக் கழற்றினால், சார்ஜிங் போர்ட்டுக்குப் பக்கத்தில் எம்92டி36 என்று சார்ஜிங்கைக் கவனிக்கும் ஒரு சின்ன ஐசி. அதைச் சுற்றியிருக்கும் கெபாசிட்டரில் மல்டிமீட்டரை வைத்ததும் பீப் சத்தம். ஷார்ட். ஸ்விட்ச் சர்வீஸ் செய்கிற எவருக்கும் இந்த ஐசியின் பெயர் சொந்தக்காரர் பெயர் மாதிரி.

யுஎஸ்பி-சி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். வாய் ஒன்றுதான், ஆனால் சார்ஜரும் கருவியும் முதலில் பேசிக்கொண்டு, எத்தனை வோல்ட் என்று முடிவு செய்த பிறகுதான் கரன்ட் பாய வேண்டும். ஸ்விட்சின் சொந்த சார்ஜர் டிவியில் மாட்டும்போது 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும், அதாவது 39 வாட். மட்டமான டாக்குகள் இந்தப் பேச்சை ஒழுங்காகப் பேசுவதில்லை. போதாததற்கு, சிலவற்றில் பிளக்கின் அளவும் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். சாய்த்துச் சொருகும்போது 15 வோல்ட் பாயும் உலோகப் பின், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பின்னைத் தொட்டால் கதை முடிந்தது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2018 மார்ச்சில் ஸ்விட்ச் மென்பொருளின் 5.0 பதிப்பு வந்தபோது, வேறு நிறுவனங்களின் டாக்கில் மாட்டிய கருவிகள் செத்துப்போவதாக உலகம் முழுக்கப் புகார் கிளம்பியது.

ஸ்விட்ச் 2 வாங்கியவர்களுக்கும் இதே பேச்சுதான். 2025 ஜூனில் வந்த அதன் சார்ஜர் 60 வாட், 20 வோல்ட் வரை போகும். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்விட்ச் சார்ஜரை அதன் டாக்கில் மாட்டிவிட்டு, "டிவியில படமே வரல" என்று போன் செய்கிறார்கள். வராது. அது பழுதல்ல, சார்ஜரை மாற்றினால் போதும்.

டிவியோடு மட்டும் ஆடும் வீட்டு கன்சோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஆகட்டும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகட்டும், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. சுவரில் சொருகினால் ஓடும். ஆனால் அதுவேதான் அதன் பலவீனமும். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் நுழைந்த ஒரு நாளில், ஒரே வீட்டிலிருந்து பிஎஸ்5-உம் ஸ்விட்சும் வந்தன. ஸ்விட்சுக்கு சார்ஜர் மட்டும் போயிருந்தது. வேறு சார்ஜர் போட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. பிஎஸ்5-க்கு எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதாயிற்று.

பிஎஸ்5-இன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கரன்ட் போய்ப் போய் வருவதுதான் தலைவலி. முழுசாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் தூங்க விட்டிருக்கும்போது கரன்ட் போனால், அடுத்த முறை டேட்டாபேஸைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும்; நடுவில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். யுபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் பலவற்றில் இருக்கும். அது ஈகோவில் இருந்தால் மாறுகிற அந்த நொடியில் கன்சோல் அணைந்துவிடலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

டிவி கேபிளைச் சொருகும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு வாங்குகிறேன். என் மேசைக்கு வரும் பிஎஸ்5-களில் அதிகம் இந்தப் பழுதுதான். ஒயரைக் கழற்றாமல் கன்சோலைத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோவார்கள், அல்லது டிவிக்குப் பின்னால் கைவிட்டுக் குருட்டாம்போக்கில் சொருகுவார்கள். உள்ளே மெல்லிய பின்கள் மடங்கிவிடும். பெட்டியோடு வரும் எச்டிஎம்ஐ 2.1 கேபிளே போதுமானது, நல்லதும்கூட. அதைத் தொலைத்துவிட்டு செட்டாப் பாக்ஸ் கேபிளைப் போட்டு, 4கே-இல் நொடிக்கு 120 ஃபிரேம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். பழைய ஸ்விட்சுக்கு "8கே தங்க முலாம்" கேபிள் வாங்குபவர்கள் இன்னொரு பக்கம். அந்த ஸ்விட்ச் டிவிக்கு அனுப்புவதே 1080பி-தான்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மாடல் பிஎஸ்5-இன் பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு துளைகள் தெரியும். வேக்குவம் வைத்து உறிஞ்சினால் போதும். அதற்கு மேல் திறக்காதீர்கள். சிப்புக்கும், அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருப்பது லிக்விட் மெட்டல், மின்சாரம் கடத்தும். யூடியூப் பார்த்துத் திறந்து, பாதரசம் மாதிரி உருண்டு ஓடிய துளிகளோடு போர்டைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பல்லி முட்டையோடு வந்த பிஎஸ்4-உம் உண்டு. கதகதப்பான இடம், அதன் மேல் தப்பு சொல்ல முடியாது.

சரி, எதை வாங்கலாம்? கடையில் தினம் கேட்கிற கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் டிவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். அம்மாவும் பாட்டியும் சீரியல் பார்க்கிற ஒரே டிவி உள்ள வீட்டில் பிஎஸ்5 வாங்கி வைத்தால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் ஆட முடியும். அங்கே கையடக்கக் கருவிதான் சரி. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்விட்ச் லைட்டை டிவியில் மாட்டவே முடியாது, அதற்கு வழியே வைக்கவில்லை. லைட்டுக்கு டாக் வாங்கிக்கொண்டு வந்து "ஓட மாட்டேங்குது" என்ற ஒரு அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. பிளேஸ்டேஷன் போர்ட்டலும் அப்படித்தான். பார்த்தால் தனிக் கருவி போல 8 அங்குலத் திரையோடு இருக்கும். ஆட்டம் ஓடுவது அதற்குள் இல்லை, பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பிஎஸ்5-இல். அதை வைஃபை வழியாக வாங்கிக் காட்டுவது மட்டும்தான் போர்ட்டலின் வேலை. மாடியில் வைஃபை எட்டாத வீட்டில் அது வெறும் கண்ணாடி.

நிண்டெண்டோ கருவிகள் நம் ஊருக்கு இறக்குமதியாகத்தான் வருகின்றன. வாரன்டி என்று கடைக்காரர் சொல்வது அவருடைய வாரன்டி. பில்லில் எழுதி வாங்குங்கள். டிஸ்க் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் சில ஆயிரம் மலிவு என்பதும் பாதிக் கணக்குதான். புது கேம் ஆயிரக்கணக்கில் விற்கும்போது, ஆடி முடித்த டிஸ்க்கை விற்று அடுத்ததை வாங்குகிற பழக்கம் நம் பையன்களுக்கு இருக்கிறது. தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டாதவரை, டிஜிட்டலில் அந்தக் கதவு மூடிவிடும்.

துணைச் சாமான்களில் மக்கள் அதிகம் ஏமாறுவது மெமரியில். பழைய ஸ்விட்சுக்கு சாதாரண மைக்ரோ எஸ்டி போதும். ஸ்விட்ச் 2-க்கு கேம் ஏற்ற மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டுமே ஆகும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அப்புறம், 512 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 32 ஜிபி வைத்த போலி கார்டுகள். கம்ப்யூட்டரில் போட்டு நிறையும் வரை எழுதிப் பார்க்காமல் கருவியில் போடாதீர்கள். கார்டு போனால் சேவ் (ஆட்டத்தில் எட்டிய இடத்தின் பதிவு) போய்விடுமோ என்று அழும் பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல்: ஸ்விட்சில் சேவ் கார்டில் இருப்பதில்லை, கருவியின் உள்ளேதான் இருக்கிறது. அதே காரணத்தால், கருவி செத்தால் கார்டைப் பத்திரமாக வைத்திருந்து பயனில்லை. பிஎஸ்5-இல் கூடுதல் இடத்துக்கு எம்.2 எஸ்எஸ்டி போடலாம். ஜென்4 வேண்டும், ஹீட்சிங் வேண்டும், ஹீட்சிங்கோடு சேர்த்து தடிமன் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிஎஸ்5 கேமைச் சேமிக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது.

ஹெட்போனில் கையடக்கம் முந்திக்கொள்கிறது. 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து ஸ்விட்ச் ப்ளூடூத் இயர்போனை ஏற்கிறது. பிஎஸ்5 நேரடியாக ஏற்பதில்லை. யுஎஸ்பி ரிசீவரோடு வரும் ஹெட்செட் வாங்குங்கள், அல்லது கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் சாதாரண ஒயர் இயர்போனைச் சொருகுங்கள்.

ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டத்தில் ஆள் தானாக ஒரு பக்கம் நகரும் டிரிஃப்ட், கையடக்கம், வீட்டு கன்சோல் இரண்டுக்கும் பொது நோய். ஸ்டிக்குக்குக் கீழே கார்பன் பூச்சுத் தடம். அதன் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தேய்ந்தால் தவறான அளவு போகும். ஸ்பிரே அடித்தால் இரண்டு வாரம் ஓடும், அவ்வளவுதான். ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்கானில் ஸ்டிக்கை மாற்றுவது சுலபம், ஒய் வடிவ ஸ்குரூடிரைவரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பிஎஸ்5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் 14 கால்களை சால்டர் எடுத்துப் போட வேண்டும். அதை எங்களிடம் விடுங்கள். மாற்றும்போது காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கேளுங்கள், அதில் உரசல் இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இன்னும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேட்டரி உப்பிய கருவிகளை வாரம்தோறும் பார்க்கும் எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. பரணில் போட்டுவைத்த கையடக்கக் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இறக்கி சார்ஜ் போடுங்கள்.

இன்னொன்று. ஸ்விட்ச் ஓலெட், ஸ்விட்ச் 2 இரண்டிலும் திரையின் மேல் ஒரு மெல்லிய ஃபிலிம் ஒட்டியே வரும். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க அது. பிளாஸ்டிக் உறை என்று நினைத்துப் பிய்க்க வேண்டாம், அதற்கு மேலேயே டெம்பர்டு கிளாஸ் ஒட்டலாம்.

அந்த மாணவரின் ஸ்விட்சுக்கு ஐசி மாற்றி நாலாம் நாள் கொடுத்தேன். ஆன் செய்து பார்த்தார், சேவ் எல்லாம் இருந்தது. முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக, "அண்ணா, அந்த டாக்கைக் குடுத்தீங்கன்னா ஆன்லைன்ல வித்துடுவேன்" என்றார். அதை மட்டும் நான் திருப்பித் தரவில்லை.